வேகம் தணியும் இடம்

சுமையை இறக்கிவை என்று ஓடுகிற நீரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேகம் தணிந்தால் போதும். சுமை தானே இறங்கிவிடும். ஆற்றில் இது நடக்கிறது, கடலில் நடக்கிறது, நமக்குள்ளும் நடக்கிறது.

வேலூர் லாங் பஜாரில் முற்பகல் நேரத்தில் நிற்பவருக்கு இதை நம்புவது கடினம்தான். மூட்டை சுமப்பவர் வழி கேட்கிறார். வண்டிகள் ஒதுங்கச் சொல்கின்றன. பாக்கியும் வட்டியும் நாளைய சரக்கும் மனத்துக்குள் ஒன்றையொன்று முந்துகின்றன. ஆனால் அங்கிருந்து சிறிது தொலைவில்தான் பாலாறு இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நடந்து, வாயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. வெள்ளம் வரும் ஆண்டுகளில் நம் ஊர் மணலும் அதனோடு புறப்பட்டுப் போகிறது.

கடலை நெருங்கும்போது ஆறு அகன்று, தயங்கி, மெதுவாகிறது. முதலில் கனத்த மணல் இறங்குகிறது. பிறகு சன்ன மணல். வண்டல் மட்டும் நெடுநேரம் கலங்கியே இருந்து, கடலுக்குள் வெகுதூரம் போன பிறகே படிகிறது. கடலும் சும்மா இருப்பதில்லை. அலை சாய்வாகக் கரையேறி, நேராக இறங்குகிறது. ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் நம் கிழக்குக் கரை மணல் வடக்கே போகிறது. வாடைக்காலத்தில் தெற்கே திரும்புகிறது. வடக்கே போவதே அதிகம். அந்த மணலைச் சென்னைத் துறைமுகம் மறித்ததால்தான் மெரினா இவ்வளவு அகன்றது. மணல் வந்து சேராத ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனது.

ஆற்றில் நீர் வற்றும் மாதங்களில் முகத்துவாரத்தில் அலையின் கை ஓங்குகிறது. எதிரெதிராக வரும் இரண்டு நீரும் ஒன்றையொன்று தணிக்கும் அந்த இடத்தில், யாரும் கட்டாமலே ஒரு மணல் திட்டு எழுகிறது.

நாம் கண்மூடி அமரும்போதும் இதே வரிசைதான். கோபம் கனமானது, சீக்கிரம் இறங்கிவிடும். ஆசை சன்னமானது, வெகுநேரம் மிதக்கும். அமைதி வேண்டும் என்கிற ஆசை அதனினும் சன்னமானது. எல்லாம் படிந்த பிறகும் அது மட்டும் கலங்கலாக நிற்கும். அதைத் துழாவிப் பிடிக்கப் போனால் படிந்ததும் சேர்ந்து கிளம்பிவிடும். விட்டுவிடுவோம். மெல்ல மூச்சு விடுவோம். அதுவும் படியும்.

வாயலூர்த் திட்டில் காலை வெயில் ஏறுமுன் நடந்திருக்கிறேன். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத நீர். ஈர மணலில் பாதம் பதிகிறபோது அதைச் சுற்றி ஒரு கணம் மணல் வெளுக்கும். உடனே நீர் ஊறி மீண்டும் கருக்கும். அலை பிரித்துப் போட்ட கருமணல் கோடு கோடாகக் கிடக்கும். நண்டு வளையைச் சுற்றிலும் சின்னச் சின்ன மணல் உருண்டைகள். இவற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தால் மனத்துக்கு வேறு வேலை இருப்பதில்லை.

அங்கிருந்து வடக்கே போனால் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம். அது எழும்புவதற்கு முன், பக்கத்துப் பாறைமேல் நிற்கும் பல்லவர் காலத்து ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. பாறை நகராமல் நின்று வழிகாட்டுகிறது. திட்டு நகர்ந்துகொண்டே ஓய்வு தருகிறது. எனக்குத் திட்டுதான் நெருக்கம். நகராத மனம் நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

ஒன்றைச் சொல்லும்போது மட்டும் நெஞ்சு கனக்கிறது. பல்லாண்டுகளாகப் படிந்த பாலாற்று மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டோம். பல இடங்களில் மணல் போய் அடிக்களிமண் தெரிகிறது. ஆசை எப்போதும் படிந்த இடத்தைத்தான் தோண்டுகிறது. கடலுக்குப் போக வேண்டிய மணல் நம் சுவர்களில் நிற்கிறது. அதற்குரிய கரை பட்டினி கிடக்கிறது. போதும் என்று சொல்ல ஆற்றுக்கு வாயில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. அத்தகைய வெள்ளம் வாயிலில் உள்ள திட்டை உடைத்துக்கொண்டு போகும். புயலலை அடித்துச் செல்லும் மணலோ கரைக்குச் சற்று அப்பால், நீருக்கடியில் மேடாகத் தங்கும். தை பிறந்து அலை தணியத் தணிய, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கே திரும்பும். நேற்றிருந்த அமைதி இன்றில்லையே என்று கலங்குகிறவர்கள் மாசியிலோ பங்குனியிலோ ஒருமுறை அங்கே போய் வரலாம். முகத்துவாரத்தில் இழுப்பு உண்டு, நீரில் இறங்க வேண்டாம். மீனவர்களைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டும் பக்கமாக நடங்கள்.