தலைமையாசிரியர் பதவியை விட்ட பின்

வேலையை விடுவது துறவாகுமா? ஆன்மிக நாட்டம் கொண்ட ஆசிரியர் பலரது உள்ளத்தில் இக்கேள்வி எழுகிறது. தேர்ச்சி விகிதமே பள்ளியின் ஒரே அளவுகோலாகிவிட்டது. ஜபத்திற்கோ சத்சங்கத்திற்கோ நேரமில்லை. விட்டுவிடலாம் என்றால் வளரும் பிள்ளைகள் இருக்கின்றனர். வேறிடத்தில் பணி கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இந்நிலையில் இருப்போர் எண்ணிப் பார்க்கத்தக்கது மகேந்திரநாத் குப்தரின் வாழ்க்கை. ‘ம’ என்ற ஒற்றை எழுத்தில் தம்மை மறைத்துக்கொண்டு குருதேவரின் அமுதமொழிகளை உலகிற்கு அளித்த அவர், வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையில் கழித்தவர்.

1854-இல் கல்கத்தாவில் பிறந்த மகேந்திரர், பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்றார், சட்டம் பயிலத் தொடங்கி இடையில் விட்டார், பிறகு ஆசிரியரானார். அதன் பின்னரும் ஓரிடத்தில் நிலைத்தாரில்லை. பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாறிமாறிப் பணியாற்றினார். வீட்டிலும் அமைதியில்லை. கூட்டுக் குடும்பப் பூசல்களால் மனமுடைந்து, வாழ்வையே முடித்துக்கொள்ளும் எண்ணத்துடன் ஓரிரவு வீட்டை விட்டு வெளியேறியவர்தாம், 1882 பிப்ரவரியில் தட்சிணேசுவரம் சென்று குருதேவரைத் தரிசித்தார்.

அந்தத் தொடக்க நாட்களில் குருதேவர் அவரிடம் கேட்டவை வேதாந்தக் கேள்விகள் அல்ல. திருமணம் ஆகிவிட்டதா, குழந்தைகள் உண்டா, மனைவி எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார். மனைவி நல்லவர்தாம், ஆனால் அறியாமை உடையவர் என்றார் மகேந்திரர். அப்படியானால் நீ மட்டும் ஞானியோ என்ற பொருளில் குருதேவர் சட்டென்று கடிந்துகொண்டார். புத்தகப் படிப்பே அறிவு என்று எண்ணியிருந்த பட்டதாரி ஆசிரியரின் செருக்கு அந்த ஒரு கேள்வியில் நொறுங்கியது. வீட்டை விட்டு ஓடிவந்தவரிடம் வீட்டை விடும்படி குருதேவர் சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. செல்வர் வீட்டுப் பணிப்பெண் எல்லா வேலையையும் செய்தாலும் மனத்தைச் சொந்த ஊரில் வைத்திருப்பதுபோல், கடமைகளைச் செய்துகொண்டே மனத்தை இறைவனிடம் வை என்பதே அவருக்குக் கிடைத்த உபதேசம்.

அந்த உபதேசத்திற்குச் சோதனை 1886-இல் வந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் கல்வி நிலையத்தின் சியாம்புகூர் கிளையில் மகேந்திரர் தலைமையாசிரியராக இருந்தார். குருதேவரோ காசிப்பூர் தோட்ட வீட்டில் நோயுற்றிருந்தார். அவ்வாண்டு தேர்வு முடிவுகள் முன்போல் சிறக்கவில்லை. அடிக்கடி குருதேவரிடம் செல்வதே அதற்குக் காரணம் என்று வித்யாசாகர் குறிப்பிட்டார். மகேந்திரர் உடனே பதவியை விட்டு விலகினார்.

இதைச் சொல்பவர்கள் வித்யாசாகரைக் குறை கூறுவதுண்டு. அது முறையன்று. தேர்ச்சி குறைந்தால் மாணவர் வருகையும் குறையும் நிலையில் இருந்த தனியார் பள்ளி அது. பொறுப்பாளர் கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டார். கொள்கைக்காகப் பதவி துறப்பது அவருக்கும் புதிதன்று. 1858-இல் சமஸ்கிருதக் கல்லூரி முதல்வர் பதவியை அவரே விட்டவர். 1882-இல் குருதேவர் அவரது இல்லத்திற்குச் சென்று உரையாடக் காரணமாயிருந்தவரும் இதே மகேந்திரர்தாம்.

நீ செய்தது சரியே என்று குருதேவர் ஆமோதித்தார். கதை இங்கு முடிந்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! குடும்பத்தை எவ்வாறு காப்பது என்று புரியாமல் மகேந்திரர் அமைதியின்றி உலவிக்கொண்டிருந்ததாக வரலாறு கூறுகிறது. இந்தப் பகுதியை மறைத்துவிட்டு அவரது பக்தியை மட்டும் புகழ்வது, இன்று விண்ணப்பங்களை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியருக்கு எவ்விதத்திலும் உதவாது. குருவின் ஆசி கிடைத்த பின்னும் கவலை வந்தது. கவலை வந்ததால் பக்தி பொய்யாகிவிடவில்லை. சில நாட்களில் வேறொரு கல்வி நிலையத்திலிருந்து அழைப்பு வர, அவர் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பினார்.

சலிப்பினால் விடுவதும் நம்பிக்கையினால் விடுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்பதை அதன்பின் வரும் நடத்தையே காட்டும். மகேந்திரர் ஓய்ந்து அமரவில்லை. மகனை இழந்த துயரில் மனம் கலங்கிய மனைவி நிகுஞ்சதேவியைத் தனியே விட்டுவிடவும் இல்லை. குருதேவரிடமும் அன்னை சாரதாதேவியிடமும் அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் ஒரே சமயத்தில் பல பள்ளிகளில் பணியாற்றியபோது, ஒன்றின் ஊதியத்தை வராகநகர் மடத்திற்கும், ஒன்றினை அன்னைக்கும் அளித்து, எஞ்சியதில் குடும்பத்தை நடத்தினார் என்பர். 1905-இல் மார்ட்டன் கல்வி நிலையத்தைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார்.

அவரைப்போலவே வேலைக்காக அலைந்த இன்னொருவரும் அந்த வட்டத்தில் இருந்தார். 1884-இல் தந்தை இறந்தபின், தாயையும் தம்பிகளையும் காக்க விண்ணப்பத்துடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய நரேந்திரர், பின்னாளைய சுவாமி விவேகானந்தர், அதே வித்யாசாகரின் கல்வி நிலையத்தில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தவர். 1886-இன் தொடக்கத்தில், வீட்டுச் செலவுக்கு மூன்று மாதங்களுக்கு வழி கிடைத்தால் முழுமனத்துடன் சாதனையில் ஈடுபடலாமே என்று அவர் தவித்தார். அப்போது நண்பர் ஒருவர் நூறு ரூபாய் கொடுத்து உதவ முன்வந்தார். அந்த நண்பர் மகேந்திரரே என்பர்.