தொடர்பு எல்லைக்கு அப்பால்

பிரிவைப் பற்றி இவ்வளவு எழுதிவைத்திருக்கும் மொழியில், பிரிவு என்கிற நிலையே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருப்பது குறித்து நம்மில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பாலைத் திணையை இன்னும் உரையாசிரியர்கள் வழியேதான் வாசித்துக்கொண்டிருக்கிறோம். திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு சாயங்காலம் நின்றால், அத்திணை இன்றைக்கு என்னவாகியிருக்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

அங்கே லோடு ஏறுவதில் பெரும்பகுதி கேரளத்துக்கு. பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகிற வண்டிக்கு எல்லை என்பது ஒரு ராத்திரி சமாசாரம். திண்டுக்கல்லைத் தொட்டுப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வேறு விஷயம். கன்யாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைப்பது அது. அதில் வடக்கே போகிறவன் வாரக்கணக்கில் கேபினுக்குள்ளேயே குடியிருக்கிறான். ஸ்டவ், அரிசி, சாமி படம், துவைத்துக் காயப்போட்ட லுங்கி எல்லாம் அதற்குள். மேல்நாடுகளில் வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு தேசம் தேசமாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே 2022ல் ஸ்டார்லிங்க் கம்பெனி வானத்திலிருந்து இணையம் தரும் திட்டமொன்றை ஆரம்பித்தது. அதற்கும் முன்பே, 2017 ஜூன் 15 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் எல்லை தாண்டுகிறவர்களுக்கு ரோமிங் கட்டணம் நீங்கிவிட்டது. அதைப் பிரபலப்படுத்தச் சொன்ன வாசகத்தின் சாரம், வீட்டில் இருப்பதுபோலவே சுற்றலாம் என்பது. வீட்டில் இருப்பதுபோல இருக்கத்தான் புறப்பட்டீர்களா என்று அவர்களைக் கேட்கலாம். உல்லாசப் பயணிகளுக்கு அந்தக் கேள்வி போதும். பொருள்வயின் பிரிகிறவனுக்குப் போதாது.

அகப்பாட்டின் தலைவன் போனால் போனதுதான். அவன் விட்டுப் போவது ஒரு சொல்லை மட்டும்: கார்காலத்தில் வருவேன். இடையில் சேதி கிடையாது. தலைவியின் முன்னால் இருப்பவை அந்தச் சொல்லும் வானமும்தான். மேகம் கறுத்தும் அவன் வராவிட்டால், இது கார் அல்ல என்று தோழி வாதிடுகிறாள். அவன் சொல் பொய்க்காது, பருவந்தான் பொய்த்தது என்கிறாள். ஒரு மனுஷனின் வார்த்தைக்காக இயற்கையையே சந்தேகிக்கும் இந்த இடம் வெறும் கவிச் சமத்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை. காணாத இடத்தில் இருப்பவனை நம்புவது என்ன மாதிரியான செயல் என்பதை அது சொல்லிவிடுகிறது.

லாரிக்காரர்களுக்கும் இது வெகுநாள் இருந்தது. போஸ்ட் கார்டு, தந்தி, பிறகு எஸ்.டி.டி. பூத்தின் சிவப்பு மீட்டர். செல்போன் வந்த புதிதில் மாநில எல்லை தாண்டினால் வருகிற அழைப்புக்கும் காசு போகும். ஆகவே மிஸ்டு கால். ஒரு மணி அடித்து நின்றால் லோடு இறக்கியாயிற்று, இரண்டு மணியென்றால் திரும்பிக்கொண்டிருக்கிறேன் என்று குடும்பத்துக்குள் ஓர் ஒப்பந்தம். பேச்சே இல்லாத பேச்சு அது. கம்பெனிக்குக் காலணா கிடைக்காது. சிக்கனமான கவிதை பற்றி நம் பத்திரிகைகளில் நடந்த விவாதங்களைக் காட்டிலும் இந்த ஏற்பாடு எனக்கு அதிகம் கற்றுத்தந்திருக்கிறது. 2015 ஜூன் 15 அன்று பி.எஸ்.என்.எல். நாடெங்கும் ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்குப் பிறகு ரோமிங் என்ற சொல்லே உள்நாட்டில் பொருளற்றுப் போயிற்று. இன்று மனைவியின் செல்லில் புருஷன் ஒரு நீலப்புள்ளி. கர்னூல் தாண்டி நகர்வதை அவள் உலை வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

லாபம் வெளிப்படை. போனது எதுவென்பதுதான் சுலபமாகக் கண்ணில் படாது. புள்ளி நகர்வதைப் பார்க்கிறவளுக்கு நம்ப வேண்டிய அவசியம் இல்லை. பிரத்யட்சம் இருக்கிற இடத்தில் வாக்குக்கு என்ன வேலை? முன்பு மௌனத்துக்கு, வழியில் இருக்கிறான் என்று அர்த்தம். இப்போது புள்ளி அரைமணி நேரம் நகராவிட்டால் அர்த்தங்கள் இரண்டே: விபத்து, அல்லது பொய். டயர் பஞ்சர் என்கிற மூன்றாவது அர்த்தத்தையும் அவன் போட்டோ எடுத்து அனுப்பித்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மௌனமாயிருக்கும் உரிமை போய்விட்டது என்பதல்ல என் குறை. மௌனமாக இருந்தும் நம்பப்படுகிற சாத்தியம் போய்விட்டது.

இதைச் சொல்லும்போதே தலைவியின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது, அதைத் தள்ளிவிட முடியாது. சேதியற்ற காத்திருப்பின் அழகுக்கு விலை கொடுத்தவள் அவள். வளை கழன்றதும் பசலை பூத்ததும் அவளுக்கு, பாட்டு நமக்கு. வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் பெண்ணிடம் போய், நீ அந்தப் புள்ளியைப் பார்க்காதே, அவனுடைய சொல்லைத் தியானி என்று உபதேசிக்க எந்த விமர்சகனுக்கும் யோக்யதை இல்லை. எனக்கும்தான்.

இன்னொன்றும் உண்டு. இதே சாலையின் வடகோடியில், 2019 ஆகஸ்ட் 5 முதல் காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. அந்த அக்டோபரில், ஆப்பிள் ஏற்றப் போன வெளிமாநில லாரி டிரைவர்கள் சிலர் ஷோப்பியானில் கொல்லப்பட்டார்கள். அதிவேக இணையம் முழுதாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. இடையில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையம் வழியே பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை, காலவரையின்றி அதை முடக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த மாதங்களின் மௌனத்தையும் அகப்பாட்டின் மௌனத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது அநியாயம். பேச முடிந்தவன் பேசாதிருப்பதில்தான் தார்மீகம் என்ற பேச்சுக்கு இடமுண்டு. வாயைக் கட்டிவிட்ட பிறகு அதில் என்ன இருக்கிறது?

ஆகவே கேள்வி, தொடர்பு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. சுவிட்ச் யார் கையில் என்பது. லாரி டிரைவர் கையில் அது இல்லை. வண்டியில் ஜி.பி.எஸ். கருவி, வேலஞ்செட்டியூர் டோல்கேட்டைத் தாண்டினால் ஃபாஸ்டாகில் காசு பிடித்த செய்தி உடனே முதலாளி செல்லுக்கு. மனைவி கவலையில் பார்ப்பதும் முதலாளி கணக்கில் பார்ப்பதும் ஒரே பார்வைபோல ஒரே கம்பியில் வருகின்றன. (கம்பிகூட இல்லை, பழைய வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது.) செல்லை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ரோட்டோரம் தூங்கினால் முதலில் கேள்வி கேட்கிறவர் முதலாளி. அவனுடைய தூக்கத்துக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. அன்புக்காகத் திறந்துவைத்த வழியிலேயே கண்காணிப்பும் நுழைந்து உட்கார்ந்திருப்பதால், இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் மறுப்பது அவனுக்குச் சாத்தியமாயில்லை. சிலர் இரண்டு செல் வைத்துக்கொள்கிறார்கள்: வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. எனக்குத் தெரிந்து இப்பிரச்னையைத் தத்துவார்த்தமாக அணுகியவர்கள் அவர்கள்தான்.

நீலப்புள்ளி வருவதற்கு முன் நடந்த ஒன்றை, எங்கள் பக்கத்தில் டிரைவர் வீட்டுப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அழைத்தால் மணி போகாது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவு செய்த குரல் மட்டும் வரும். முதல் நாள் தமிழில். மறுநாள் அதையே கன்னடத்தில். பிறகு தெலுங்கு, அப்புறம் இந்தி. வார்த்தை ஒன்றும் புரியாது. ஆனாலும், நாக்பூர் தாண்டியிருப்பார்போல என்று சொல்லிவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கப் போவார்களாம்.