கைமரம் வந்த வழி

கடந்த கோடையில் எங்கள் ஹரோ வீட்டின் கூரைக்கடியில் ஓர் அறை எடுப்பதற்காகப் பழைய கைமரங்கள் சிலவற்றை அறுத்து இறக்கினார்கள். தச்சர் ஒரு துண்டின் வெட்டுமுகத்தைக் காட்டினார். வளையங்கள் மயிரிழை நெருக்கத்தில் இருந்தன. குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த பைன் என்றார்.

வீடு 1930களின் தொடக்கத்தில் எழுந்தது. மெட்ரோபொலிட்டன் ரயில்பாதை 1880இல் ஹரோவுக்கு வந்தது. 1915 முதல் அந்த நிறுவனம் ‘மெட்ரோலாண்ட்’ என்று பெயரிட்டுப் பாதையோரப் பகுதிகளை விளம்பரம் செய்தது, வயல்கள் வீடுகளாயின. அவற்றுக்கான மரம் பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா, பால்டிக் கரை, சோவியத் வடக்கு ஆகிய இடங்களிலிருந்து கப்பலில் வந்தது.

அந்த வடக்கில், திவினாவும் விச்செக்தாவும் கூடுமிடத்தில் இருக்கிறது கோத்லாஸ். சைபீரியத் தானியத்தை ஆற்றுவழியே அர்ஹாங்கெல்ஸ்க் துறைமுகத்துக்கு அனுப்பவே 1899இல் அங்கே ரயில்பாதை போட்டார்கள். சிற்றூராக இருந்தது 1917இல் நகரமானது. ஆற்றில் மரம் மிதந்து போனது. ரயிலில் ஆட்கள் வந்தார்கள். 1930இல் வந்தவர்கள், நிலம் பறிக்கப்பட்டுக் குடும்பத்தோடு துரத்தப்பட்ட விவசாயிகள். நகரருகே மகாரிஹா முகாமின் கொட்டகைகளில் பெண்களும் பிள்ளைகளும் அடைக்கப்பட்டார்கள். உடலில் வலுவுள்ளவர்கள் காடு வெட்டப் போனார்கள். பசியிலும் நோயிலும் பிள்ளைகள் மடிந்தார்கள்.

லண்டனுக்கு இது தெரியாத செய்தி அல்ல. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. 1931இல் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. ஏற்றுமதி மரத்தில் கைதிகளின் உழைப்பு இல்லையென்று அதே ஆண்டில் மொலொத்தோவ் மறுத்தார். மரம் மலிவாக இருந்தது. கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன.

என் வீட்டுக் கைமரம் பின்லாந்தில் கூலி வாங்கியவர் வெட்டியதாகவும் இருக்கலாம். நிச்சயமில்லாத ஒன்றுக்கு நான் பொறுப்பா? நான் பிறப்பதற்கு முன் நடந்தது. வீட்டை வங்கிக் கடனில் வாங்கியவன் நான். ‘இது வெள்ளைக்காரர் கணக்கு, நாங்கள் பிந்தி வந்தவர்கள்’ என்று சொல்லித் தப்பிவிடலாம்.

ஆனால் தேநீர் பற்றிப் பேசும்போது நாம் அப்படி விடுவதில்லை. இலங்கை மலையகத்தில் காடு வெட்டியதும் தோட்டம் போட்டதும் தமிழகத்திலிருந்து போன கூலிகள். கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது கோப்பிக்காக. 1948இன் சட்டம் அவர்களின் வழிவந்தோரையே நாடற்றவர்களாக்கியது. இன்று லண்டனில் தேநீர் குடிப்பவர் தன் கோப்பையிலுள்ள இலையைக் கொய்தது யாரென்று அறியமாட்டார். அவரைக் கொலைகாரர் என்று நாம் சொல்வதில்லை. ஆனாலும் அந்த வரலாறு தனக்குச் சம்பந்தமில்லை என்று அவர் சொன்னால் நமக்குச் சுடுகிறது.

பழி செய்தவரோடு போகும். கடன் சொத்தோடு வரும். தகப்பன் வீட்டை எடுத்த பிள்ளை அவர் கடனையும் எடுக்கவேண்டும் என்பதே நம் ஊர் வழக்கம். இந்தக் கடனைப் பணமாகக் கட்ட யாரிடமும் போக முடியாது. தேநீர் குடிப்பவரிடம் நாம் கேட்பதையே நாமும் செய்யலாம்: விசாரிப்பது, ஹரோ வளர்ந்த கதையைச் சொல்லும்போது கோத்லாஸையும் சேர்த்துச் சொல்வது, அடுத்ததை வாங்கும்போது கேட்பது.

புதிய அறைக்கு வந்திறங்கிய மரத்தின் முத்திரையைப் பார்த்தேன். நாடு இருந்தது, வெட்டியவரின் நிலை இல்லை. 1931இல் இந்த வீட்டைக் கட்டியவருக்கும் முத்திரை அவ்வளவுதான் சொல்லியிருக்கும். மற்றதைச் சொல்ல அவருக்குச் செய்தித்தாள் இருந்தது. எனக்கும் இருக்கிறது.