ஒரே கண்ணாடி, நான்கு பருவம்

நம் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலைக்குப் பதிலாக நிலைக்கண்ணாடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை வேளையில் ஓரமாக நின்று கவனித்தால், மனிதனின் எல்லாப் பருவங்களும் அந்த ஒரே கண்ணாடி முன் வந்து நிற்பதைக் காணலாம்.

தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தை கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும். அது தன் முகம்தான் என்று அறிய ஏறத்தாழ ஒன்றரை வயதாவது ஆக வேண்டும். வாலிபன் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வான். மற்றவர் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்பதே அவன் கவலை. நடுவயதுக்காரர் கண்ணாடி முன் நிற்பார். மனமோ கடனிலும் மகள் கல்யாணத்திலும் நிற்கும். முதியவர் தம் நரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

பருவம் மாறும்போது கலியும் வேடம் மாற்றிக்கொள்கிறது. வாலிபத்தில் ஆணவமாக வருகிறது. நடுவயதில் ஆசையாகவும் பொறாமையாகவும் வருகிறது. முதுமையில் அது பாசத்தின் வேடத்தில் வருகிறது. "நான் பெற்ற பிள்ளை, கடைசிவரை என் சொல்படிதான் நடக்க வேண்டும்" என்ற பிடி அது. மகன் குடும்பத்தில் நிம்மதி போவதும், மருமகள் அடுக்களையில் கண்ணீர் விடுவதும் பல வீடுகளில் இந்தப் பிடியால்தான். பாசம் என்று நினைப்பதால் அதைக் கலியென்று நாம் அறிவதில்லை.

வயது தானாக வரும். பக்குவம் தானாக வராது. அதற்குத் தவம் வேண்டும். அய்யா ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியில், அடுத்த இரண்டு ஆண்டு தரையில், கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த இருக்கையில். முதலில் தாழ இறங்கினார். நாமோ இறங்கப் பழகாமல், வயதைக் காட்டி உயர்ந்த இருக்கை கேட்கிறோம்.

தாய் வெயிலாளை நினைத்துப் பாருங்கள். கொல்லம் 1008, மாசி மாதம். நோயுற்ற 24 வயது மகனைத் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றாள். கடலுக்குள் போன மகன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவர் கரையேறி வந்ததும் கட்டியணைக்க ஓடினாள். தாம் இனி நாராயணரின் மகன் என்று அவர் உணர்த்தினார். பிள்ளை திரும்பி வந்தும் 'என் பிள்ளை' என்று உரிமை கொண்டாட முடியாத நிலை! நம் பிள்ளைகள் அவதாரங்கள் அல்ல. ஆனாலும் ஒவ்வொரு தாய் தகப்பனும் ஒருநாள் அந்தக் கரையில் நின்றுதான் ஆக வேண்டும்.

பிடியை விடுவது உறவை விடுவது ஆகாது. இது பிள்ளைகளுக்கும் பொருந்தும். "விட்டுக்கொடுங்கள்" என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்களைத் தனியே ஒதுக்கிவைத்தால் அது தர்மம் அல்ல. தளர்ந்தவரைத் தாங்குவதே அய்யா காட்டிய தர்மம். நம்மை இடுப்பில் தூக்கிக் கண்ணாடியைக் காட்டிய கைகள், இன்று பள்ளியறை வாசல்படி ஏற நம் கையைத் தேடுகின்றன.

அடுத்தமுறை கண்ணாடி முன் நிற்கும்போது, "இந்த வயதில் என்னிடம் கலி எந்த வேடத்தில் வந்திருக்கிறது?" என்று அவரவர் தம்மைக் கேட்டுக்கொள்வோம். முகம் ஆண்டுதோறும் மாறும். பச்சைக் குழந்தையின் நெற்றிக்கும் முதியவர் நெற்றிக்கும் அய்யா தரும் திருநாமம் ஒன்றே.

அய்யா உண்டு.