இடம்பெயர்ந்த வழிபாடும் ஆற்று வழியும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலுக்குப் பின் ரப்பர்க் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, கோயில்களும் அவற்றின் திருவிழா வழிகளும் இடம்பெயர நேர்ந்ததால், இடம் மாறிய வழிபாடு பழைய வழிபாடுதானா என்ற கேள்வி சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத் தமிழருக்கு ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. இதனை ஆராய, கேரளத்துப் பம்பை ஆற்றில் நடைபெறும் ஆறன்முளை வள்ளங்களி, அதாவது கோயில் சார்ந்த படகோட்டப் போட்டி, பெரிதும் துணைசெய்கிறது.

ஆறன்முளைப் பார்த்தசாரதி கோயில், நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை என்னும் திவ்விய தேசமாகும். காட்டூரில் வாழ்ந்த மங்காட்டு பட்டதிரி என்னும் குடும்பத்தார், ஓணத் திருநாளில் இறைவனுக்குப் படைக்கும் பொருள்களைத் திருவோணத்தோணியில் ஏற்றி ஆற்றுவழியே கொண்டுவந்தனர் என்றும், அத்தோணியை எதிரிகள் தாக்கியதால் கரையோர ஊர்கள் காவலுக்கு நெடும்படகுகளை அனுப்பின என்றும் மரபு கூறுகிறது. பள்ளியோடம் எனப்படும் அப்படகுகளே ஆவணி உத்திரட்டாதியில் போட்டியிடுகின்றன. அவற்றில் இறைவன் உறைவதாக நம்பப்படுவதால் காலணியுடன் எவரும் ஏறுவதில்லை. காவல் போட்டியாக மாறியபோதும் வழிபாடு அறுபடவில்லை. இன்னும் வியப்புக்குரியது, அக்குடும்பம் கோட்டயத்தை அடுத்த குமாரநல்லூருக்குக் குடிபெயர்ந்த பின்னும், அதன் வழித்தோன்றல் ஆண்டுதோறும் படகில் புறப்பட்டு, நேரே ஆறன்முளையில் கடமையை முடித்துக்கொள்ளாமல், அதனைக் கடந்து காட்டூர்வரை சென்று, அங்கிருந்தே திருவோணத்தோணியில் திரும்பி வருவதாகும்.

இதற்கு மாறாக, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப்போட்டி 1829இல் ஹென்லியில் தொடங்கி, 1845இல் பட்னி முதல் மார்ட்லேக் வரையிலான தடத்துக்கு மாறியது. இரு தரப்பும் உடன்பட்டதே அதற்குப் போதுமானதாக இருந்தது. வழிபாட்டுக்கு அவ்வுடன்பாடு மட்டும் போதாது.

கெடாவிலேயே, மெர்போக் ஆற்றையொட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்த, சைவச் சின்னங்கள் இரண்டும் கிடைத்துள்ளன. மாற்றத்தை இவ்விரு சமயத்தாரும் வெவ்வேறாகக் கண்டனர். எப்பொருளும் கணந்தோறும் அழிந்து பிறக்கும் தொடர்ச்சியே என்பது பௌத்தர் கணபங்கவாதம். மாற்றத்தினூடே நிலைக்கும் பொருள் உண்டு என்பது சைவர் கொள்கை. ஆறன்முளை காட்டுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உண்மை: நிலைப்பது ஆற்று நீருமன்று, வழியின் நீளமுமன்று, தொடங்கிய இடத்துக்கு மீண்டும் சென்று கடமையை ஏற்கும் செயலே நிலைக்கிறது.

கோயிலை இடம் மாற்றும்போது கலாகர்ஷணம், அதாவது மூர்த்தியின் ஆற்றலைக் கும்பநீரில் ஈர்த்தல், என்னும் சடங்கை ஆகமம் வகுத்துள்ளது. ஆயினும் மூலவரைக் காக்கும் அச்சடங்கு திருவிழா வழியைக் காக்காது. ஆதலால் இடம்பெயர்ந்த கெடா அம்மன் கோயில்களின் நிருவாகத்தார், முன்பு கரகம் எடுத்துவந்த பழைய ஆற்றங்கரையை அணுக வழியிருக்கும் வரை, தொலைவையும் செலவையும் பாராமல் அங்கிருந்தே கரகம் பாலித்து எடுத்துவர வேண்டும்.