சுவரில் தொங்கும் கூடு



மகாவீரர் முக்தியடைந்த தீபாவளித் திருநாளுக்கு முன் இல்லங்களைத் தூய்மை செய்து வெள்ளையடிக்கின்றோம். அவ்வேளையில் பூசணி விதை போன்ற சாம்பல் நிறக் கூடுகள் சுவரில் ஒட்டியிருக்கக் காண்கின்றோம். தூசியெனக் கருதித் துடைப்பத்தால் தட்டிவிடுகின்றோம். தூசியன்று, உள்ளே ஓர் உயிர் இருக்கக்கூடும்.

அது ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு. வாயில் ஊறும் பட்டிழையால் மணலையும் தூசியையும் இணைத்துத் தனக்கோர் உறை பின்னிக்கொள்கிறது. இருமுனையிலும் வாயில் உண்டு. எம்முனையிலும் தலைநீட்டிக் கூட்டை இழுத்தபடியே ஊர்கிறது. பழைய ஒட்டடை, உதிர்ந்த மயிர், இறந்த பூச்சிகளின் எச்சம், கம்பளி நூல் ஆகியன அதன் உணவு. அது வளர வளர உறையும் வளர்ந்து 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம் பெறும். ஏறத்தாழ 50 நாள் புழுவாகவும் 16 நாள் கூட்டுப்புழுவாகவும் வாழ்ந்து, பின் அந்தாகிப் பறந்துவிடும். வெறுங்கூடு சுவரிலேயே தங்கும். வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள நாடுகள் பலவற்றில், அமெரிக்காவின் புளோரிடா வரை, இவ்வினம் பரவியுள்ளது.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கடலுயிர்களின் ஓடுகள் கல்லாய்க் கிடக்கின்றன. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் அங்குக் கடல் இருந்தது. உயிர்கள் அகன்றன, அவை கட்டிய வீடுகள் எஞ்சின. அக்கல்லே சிமெண்டாகி நம் சுவராகிறது. அச்சுவரில் இப்புழு தன் கூட்டைச் சுமக்கிறது. சுவருக்குள் வாழும் நாமும் ஒருநாள் உடலென்னும் கூட்டை விட்டு அகல்வோர் அல்லவா?

நம் நூல்கள் சங்கை ஈரறிவுயிரென்றும் வண்டை நாலறிவுயிரென்றும் வகுக்கின்றன. அறிவின் எண்ணிக்கை வேறாயினும் உயிரின் இயல்பு ஒன்றே. "அறியாமல் நேர்ந்ததுதானே" என்பர் சிலர். சோர்வால் உயிரைப் பிரிப்பதையே இம்சையென உமாசுவாமி ஆசாரியர் வரையறுத்தார். முனிவர் மயிற்பீலியால் இடத்தை வருடிய பின்னரே அமர்வதும் இச்சோர்வை நீக்கவே.

இல்லறத்தார்க்கும் வழி எளிது. ஒட்டடையும் தூசியும் சேரவிடாது நாள்தோறும் பெருக்கினால் புழுவுக்கு அங்கு இரையில்லை. கொல்லவேண்டிய நிலையும் எழாது. வெள்ளையடிக்குமுன் சுவரை ஒருமுறை நோக்குவோம். கூடு கண்டால் மெல்லிய காகிதத்தில் ஏந்தி, எறும்பில்லாத நிழலிடத்தில் விடுவோம். இதனைக் குழந்தைகள் கையாலேயே செய்விப்போம். கொல்லாமையைச் சொல்லிக் கொடுப்பதினும் செய்யப் பழக்குவதே நிலைக்கும்.

அறம் வளர்க!