ஊழும் முதலும்: வணிகரின் நம்பிக்கை குறித்து

தொழில் தொடங்குபவருக்கு நம்பிக்கை வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த நம்பிக்கை எதன்மீது வைக்கப்பட வேண்டும் என்று கேட்டால் விடைகள் பிரிந்துவிடுகின்றன. விடாது உழைப்பவரை இறைவன் கைவிடமாட்டான், ஆகவே முயற்சி வென்றே தீரும் என்பது பெரும்பாலோர் கூறும் விடை. இது பக்திபோலத் தோன்றினாலும், உள்ளே பார்த்தால் வருங்காலம் பற்றிய ஒரு கணிப்பே. கணிப்பு பொய்த்தால் அதனோடு பக்தியும் பொய்த்துவிடும், அல்லது தோற்றவரின் பக்தியில்தான் குறை இருந்தது என்ற இரக்கமற்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கும். ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் வெளியிட்ட கட்டுரைகளில், ஐரோப்பியக் கால்வினியர்கள் இத்தகைய நெருக்கடியில் சிக்கியதை விளக்கினார். யார் மீட்படைவார் என்பதை இறைவன் முன்னரே முடிவு செய்துவிட்டான் என்பது அவர்கள் கோட்பாடு. அம்முடிவை அறிய வழியில்லாத பதற்றத்தில் அவர்கள் தொழிலின் வெற்றியையே அருளின் அடையாளமாகக் கொள்ளத் தலைப்பட்டனர் என்பது அவர் வாதம். தமிழ் மரபில் இதே கேள்வி வேறு பாதையில் சென்றிருக்கிறது.

திருக்குறளின் அறத்துப்பாலை முடித்துவைப்பது ‘ஊழ்’ என்னும் 38ஆம் அதிகாரம். முன்வினையின் பயன் உரியவரைத் தவறாமல் வந்தடையும் முறைமையே ஊழ் எனப்படுவது. அதைவிட வலியது வேறில்லை என்று அவ்வதிகாரம் நிறைவுறுகிறது. பொருட்பாலில் வரும் 62ஆம் அதிகாரமான ‘ஆள்வினையுடைமை’யோ, சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்று முடிகிறது. இம்முரணை மழுப்பிவிட முயன்றோர் பலர். ஆயினும் இறுதிக் குறளுக்கு முந்திய 619ஆம் குறள்தான் கூர்ந்து நோக்கத்தக்கது. ஊழின் காரணமாகக் கருதிய பயன் கைகூடாமற்போனாலும், முயற்சி தன் உடல் வருந்திய அளவுக்குக் கூலியைத் தந்தே தீரும் என்பது அதற்குப் பரிமேலழகர் வழிவந்த பொருள். முயல்பவர் நாடிய பயன் ஒன்று, அவருக்கு உறுதியளிக்கப்படும் கூலி மற்றொன்று என்று இக்குறள் பிரித்துக் காட்டுகிறது. பயன் வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. கூலி எது என்பதைக் குறள் விரித்துச் சொல்லவில்லை. வணிகரின் வாழ்வை வைத்துப் பார்த்தால், சரக்கை அறிதல், மனிதரை எடைபோடுதல், நட்டத்தைத் தாங்குதல், சொன்ன சொல்லைக் காத்தல் என முயற்சி ஒருவருக்குள் படியவைக்கும் திறங்களையே அது குறிக்க இயலும். கடை மூழ்கினாலும் இவை மூழ்குவதில்லை.

சைவ சித்தாந்தம் இப்பிரிவை மேலும் நுட்பமாக்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டாரின் வழிவந்த அத்தத்துவத்தில் வினை அறிவற்ற சடப்பொருள். அது தன் பயனைத் தானே கொண்டுவந்து சேர்க்காது, இறைவனே அதனை உயிருக்குக் கூட்டுவிக்கிறான். உயிர் பக்குவமடைவதற்கான நிலைகளில் ஒன்றாக அது கூறும் ‘இருவினையொப்பு’, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்கும் மனநிலையைக் குறிக்கும். இலாபத்தையும் நட்டத்தையும் பிரித்தறிவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இந்நிலையை எவ்வாறு எய்த இயலும் என்பது நியாயமான ஐயம். பெருவணிகராயிருந்து எல்லாவற்றையும் உதறிச் சென்றதாகச் சொல்லப்படும் பட்டினத்தாரின் வழி ஒரு விடைதான். ஆயினும் அது கடையை மூடிவிட்டுத் தரும் விடை. பெரியபுராணத்து அமர்நீதி நாயனாரின் கதை கடைக்குள்ளேயே விடை தேடுகிறது. பழையாறையில் பொன்னும் மணியும் துகிலும் விற்ற அவர், அடியவர் ஒப்படைத்த கோவணம் காணாமற்போக, அதற்கு ஈடு செய்யத் தம் செல்வம் முழுவதையும் துலாத்தட்டில் ஏற்றியும் தட்டு நேர்நிற்காமல், இறுதியில் மனைவி மகனுடன் தாமே அதில் ஏறுகிறார். எந்தக் கருவியால் நாள்தோறும் பிறருக்கு அளந்தாரோ அந்தக் கருவியாலேயே அவர் அளக்கப்படுகிறார்.

இவ்வகைச் சிந்தனை ஏட்டளவில் நில்லாமல் நடைமுறையான இடத்தைக் காண நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வணிகத்தை நோக்கலாம். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமான பின்னும், குறிப்பாக 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்த பின்னும், அவர்களின் வட்டித்தொழில் ஐராவதிச் சமவெளியெங்கும் பரவியது. அத்தொழிலில் சேரும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன்; கூட்டுவது, தண்ணீர் கொண்டுவருவது முதல் கணக்குப் படி எடுப்பதுவரை எல்லா வேலையும் அவனுடையது. பின்னர் அடுத்தாளாகவும், பொறுப்பு முழுவதையும் ஏற்கும் மேலாளாகவும் உயர்ந்து, மூன்றாண்டுக் கணக்கு முறையில் கடல்கடந்த ஊரில் இருந்து திரும்பி, சேர்த்த பணத்தில் சொந்தமாகக் கடை வைப்பதே பலர் சென்ற பாதை. தொழில்முனைவு என்று இன்று பேசப்படுவது அங்கே நீண்ட பணிவின் முடிவில்தான் வந்தது.

கடை வைத்த ஊர்களில் அவர்கள் தண்டாயுதபாணியாகிய முருகனுக்குக் கோயில் எழுப்பினர். கோயிலுக்கென வணிகத்திலிருந்து ஒதுக்கும் பங்கு மகமை எனப்பட்டது. மனம் குளிர்ந்த நாளில் உண்டியலில் இடும் காணிக்கை அன்று அது. பேரேட்டில் ஏறும், கணக்குக் கேட்கப்படும் தொகை. கோயிலில் சேர்ந்த பணமும் சும்மா கிடக்கவில்லை, வட்டிக்கு விடப்பட்டு மீண்டும் தொழிலுக்கு முதலாயிற்று. இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடித்தான் நகரத்தார் தமக்குள் நடப்பு வட்டி விகிதத்தை முடிவு செய்தனர். வட்டி விகிதம் பேசும் இடமா கோயில் என்று முகம் சுளிப்பவர், அங்கே ஒருவர் சொன்ன சொல்லைப் பிறழ்வது மற்றவர்களைவிட முருகனுக்கே கணக்குச் சொல்லவேண்டிய செயலாயிற்று என்பதைக் கவனிக்கத் தவறுகிறார். வரவின் ஒரு பகுதி தொடக்கத்திலிருந்தே தன்னுடையதன்று என்று ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகிய கைக்கு, மீதியும் முழுக்கத் தன்னுடையதா என்ற ஐயம் என்றேனும் எழாமலிராது. இருவினையொப்பை நூலில் படித்து அடைந்தவர் அரிதாயிருக்கலாம். பேரேட்டின் வழியே அதன் முதற்படியில் கால்வைத்தோர் இருந்திருப்பர்.

இந்நம்பிக்கைக்குச் சோதனை இருமுறை வந்தது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து கடன் வாங்கிய பர்மிய உழவரால் திருப்பித்தர இயலாதபோது, அடமான நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்து குவிந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாயிருந்த அவர்களின் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. அவர்கள் வேண்டியது பணம், வந்தது நிலம். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. வெற்றி அருளின் அடையாளமென்றால் 1942இல் அருள் விலகியது என்றே கொள்ளவேண்டும். நகரத்தார் அவ்வாறு கொண்டதாகத் தெரியவில்லை. பழனிக்குக் காவடியுடன் நடந்து செல்லும் அவர்களின் தைப்பூசப் பயணம் இன்றும் நின்றபாடில்லை. தொழிலை இழந்த குடும்பங்கள் கற்ற கணக்கையும் காத்த நாணயத்தையும் கொண்டு வேறு துறைகளில் புகுந்தன. 619ஆம் குறள் கூறும் கூலிக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

எனினும் முதற் சோதனையே கடினமானது. நிலம் இழந்த பர்மிய உழவரும் முயன்றவர்தாம், தம் புத்த விகாரையில் தொழுதவர்தாம். அவருடைய இழப்பை அவரவர் வினைப்பயன் என்று ஒதுக்குவது கடன் கொடுத்தவருக்கு எளிது. ஆனால் ஊழ் என்னும் கருத்தைத் தன் நட்டத்தைத் தாங்குவதற்குப் பயன்படுத்துவதும், பிறர் நட்டத்துக்கு விளக்கமாகப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. முன்னது பொறுமை, பின்னது பொறுப்பைத் தட்டிக்கழித்தல். சித்தாந்தத்தின் ஒப்பு நோக்கும் தனக்கு வரும் பயன்களைப் பற்றியதே. பிறருக்கு நேரும் துன்பத்தை ஒப்ப நோக்கி அமைதியாயிருக்க அது அனுமதி தரவில்லை. மகமை முறையில் முருகனுக்கும் அறச்சாலைக்கும் பேரேட்டில் பக்கம் இருந்தது, கடனாளிக்கும் பக்கம் இருந்தது. ஆனால் கடனாளியின் பக்கத்தில் அசலும் வட்டியும் தவிர வேறெதையும் எழுத அக்கணக்குமுறையில் இடமிருக்கவில்லை.